கம்பளியும் கரடியும்: ஒரு போர்வைக்குப் பெயர் தேடிய கதை

கரடியூரில் அத்தை வீட்டுத் திண்ணையில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கிறது. ஏற்காட்டுக் குளிருக்காக அத்தை இத்தனை வருஷம் பின்னிப்போட்ட ஸ்வெட்டர், குல்லா, மப்ளர் அத்தனையின் மிச்சமும் அதற்குள்தான் கிடக்கும். பேரனின் பள்ளி ஸ்வெட்டரில் மிஞ்சிய கருநீலம், யாருக்கோ பிரசவத்துக்குப் பின்னிய பூட்ஸில் மிஞ்சிய இளமஞ்சள், எதற்கு வாங்கினோம் என்று அவருக்கே மறந்துபோன ஒரு கிளிப்பச்சை. ஒரு முழம், இரண்டு முழம், சிலது ஒரு சாணே இருக்கும். எறிய மனம் வராது. போன மழைக்காலத்தில் டப்பா மூட முடியாமல் போகவும், குரோஷா ஊசியை எடுத்து உட்கார்ந்துவிட்டார்.

உள்ளங்கை அகலச் சதுரங்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு சுற்று, சுற்றுக்கு ஒரு நிறம். பன்னிரண்டு வரிசை, வரிசைக்கு ஒன்பது, ஆக 108 சதுரம். எல்லாவற்றையும் சேர்த்துப் போர்வையாக்கும் வேலை பாதியில் இருந்தபோது நான் போய்ச் சேர்ந்தேன். காபி வந்தது. காபியோடு கேள்வியும் வந்தது.

“ஏங் கண்ணு, இத என்னன்னு சொல்றது? நூல் கடைப் பையன் ‘கிரானி ஸ்கொயர் பிளாங்கெட்’டுங்கறான். அது அவங்க பேரு. நாம என்னன்னு சொல்றது? நீதான் சொல்லுக்குச் சொல்லு அப்பனாரைத் தேடறவனாச்சே.”

அப்பனாரைத் தேடுவதென்றால் ஊரிலிருந்து தொடங்குவதுதான் முறை.

கரடியூர் என்றால் கரடி இருந்த ஊர். குழந்தைக்கும் தெரியும். ஆனால் சொல்லாராய்ச்சிக்காரனுக்குக் குழந்தைக்குத் தெரிந்ததைச் சந்தேகப்படுவதுதான் பிழைப்பு. சேலத்துக்காரர்கள் பாறையும் புதருமாக எழுந்து நிற்கும் சிறு குன்றைக் ‘கரடு’ என்பார்கள். சேர்வராயன் மலையில் கரட்டுக்கா பஞ்சம்? கரடு கிடந்த ஊர்தான் காலப்போக்கில் கரடியூர் ஆயிற்று என்று ஒருவர் சொன்னால் கேட்க நன்றாகவே இருக்கும். ஆனால் தமிழ் இலக்கணம் ஒத்துக்கொள்ளாது. காடு ஊரோடு சேர்ந்தால் காட்டூர். மேடு ஊரோடு சேர்ந்தால் மேட்டூர். அணைக்கட்டுக்குப் பேர்போன அந்த மேட்டூர் இதே சேலம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அந்தக் கணக்கில் கரடு ஊரோடு சேர்ந்தால் கரட்டூர்தான் வரும். கோபி பக்கத்தில் கரட்டடிபாளையம் இருக்கிறதே, அதில் டகரம் இரட்டித்திருப்பதைப் பாருங்கள். நம் ஊர்ப்பெயரில் இரட்டிப்பு இல்லை. இகரத்துக்கும் ஊகாரத்துக்கும் நடுவே உடம்படுமெய்யாக ஒரு யகரம் வந்து உட்கார்ந்திருக்கிறது. கரடி, ய், ஊர். ஆக, குழந்தை சொன்னதே சரி. ஏற்காட்டில் நார்ட்டன் பங்களாவை ஒட்டி ஒரு கரடிக் குகையும் இருக்கிறது. மலைக்கும் கரடிக்கும் பழக்கம் புதிதில்லை.

தமிழில் ‘கரடி விடுவது’ என்றால் என்ன என்று சொல்லத் தேவையில்லை. சொற்களுக்குப் பிறப்புக் கதை சொல்பவர்கள் நாளொன்றுக்கு நாலு கரடியாவது விடுகிறார்கள். சிவபூஜையில் நுழைந்த கரடியையே, ‘அது விலங்கில்லை, கரடிகை என்ற தோல்கருவி’ என்று விளக்குவோர் உண்டு. கரடிகை கல்வெட்டுகளில் வரும் கருவிதான். அதனாலேயே பூஜையில் புகுந்தது கருவிதான் என்று ஆகிவிடாது. பூஜை நடுவே மேளம் ஒலித்தால் யாருக்குத்தான் இடைஞ்சல்? கரடியூரில் உட்கார்ந்துகொண்டு கரடி விடக் கூடாது என்று எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு விதித்துக்கொண்டு போர்வைக்கு வந்தேன்.

போர்வை என்றதும் முதலில் வாயில் வருவது கம்பளி. கம்பளிக்கும் கரடிக்கும் நம் நாட்டில் ஒரு பழைய கணக்கு உண்டு. ஆற்று வெள்ளத்தில் கறுப்பாக ஏதோ மிதந்து வருகிறது. கம்பளி மூட்டை என்று நினைத்து ஒருவன் குதித்துப் பிடிக்கிறான். அது கரடி. கரையிலிருந்தவர்கள், “கம்பளி போனால் போகட்டும், விட்டுவிட்டு வா” என்று கத்துகிறார்கள். “நான் எப்போதோ விட்டுவிட்டேன், அதுதான் என்னை விட மாட்டேன் என்கிறது” என்கிறான் அவன். ஆசைக்கும் குடிக்கும் கடனுக்கும் உவமையாக இந்தக் கதையைச் சொல்லாத பாட்டி இல்லை. இன்னொன்றும் இதில் இருக்கிறது. தூரத்திலிருந்து பார்க்கக் கரடியும் கம்பளியும் ஒன்றாக இருந்தால்தான் கதையே நடக்கும். கதை கட்டியவர்கள் கண்ட கம்பளி, கடையில் விற்கும் பூப்போட்ட ரகமில்லை. கறுப்பு, முரடு, மயிர் நீட்டிக்கொண்டிருக்கும் ஜாதி.

‘கம்பளி’ என்ற சொல் வடமொழிக் ‘கம்பல’த்தின் உறவு. அதர்வ வேதத்திலேயே அது வருகிறது. புத்தர் காலத்தில் அஜித கேசகம்பளி என்றொருவர் இருந்தார். செத்த பிறகு எதுவும் மிஞ்சாது, நாலு பூதத்தோடு நாலு பூதமாகக் கலந்துவிடும் என்று அடித்துச் சொன்ன உலகாயதர். பெயரைப் பிரித்தால் மயிர்க்கம்பளி போர்த்தியவர் என்று பொருள். நெய்யப்பட்ட உடைகளிலேயே மட்டமானது மயிர்க்கம்பளிதான், குளிரில் குளிரும், வெயிலில் சுடும், நாற்றமும் அடிக்கும் என்று பௌத்த நூலொன்று அதைக் கேலி செய்கிறது. 

கம்பளிக்கு மரியாதையான இடமும் உண்டு. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் கருவூலத்தில் சேர்க்க வேண்டிய பொருள்களைப் பட்டியல் போடும்போது, முத்து, வைரம், சந்தனம், அகில் என்று வந்து கம்பளிக்கும் இடம் தருகிறது. மைசூரில் சாமா சாஸ்திரி 1909-இல் அச்சேற்றிய பிறகுதான் அந்நூல் உலகத்துக்குத் தெரிந்தது. ஆட்டு உரோமத் துணியை அது செய்முறைப்படி வகை பிரிக்கிறது. அவற்றில் ஒரு வகைக்குப் பெயர் ‘கண்டசங்காத்யம்’. கண்டம் என்றால் துண்டு, சங்காத்யம் என்றால் சேர்த்தது. துண்டு சேர்த்த கம்பளி! நேபாளத்திலிருந்து வரும் ஒரு கறுப்புக் கம்பளியைப் பற்றியும் சொல்கிறது. எட்டுத் துண்டைச் சேர்த்துத் தைத்தது, மழை தாங்கும். படித்தபோது எனக்குச் சேலம், நாமக்கல் பக்கத்துக் கொங்காடைதான் நினைவுக்கு வந்தது. மழையில் ஆடு மேய்ப்பவர்கள் கம்பளியையோ சாக்கையோ ஒரு மூலை உள்ளே செருகி மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொள்வார்களே, அது.

“பாத்தீங்களா அத்தை, ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே ராஜா கஜானாவுல ஒட்டுப்போட்ட கம்பளி இருந்திருக்கு” என்றேன்.

“அது ஆட்டு மயிரு கண்ணு. இது உல்லன்.”

அத்தை சொன்னதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஆட்டு மயிரைத்தான் ஆங்கிலத்தில் வுல் என்கிறார்கள். வுல்லன் என்பது அதன் பெயரடை. நம் பெண்கள் அந்தப் பெயரடையைப் பிடித்துப் பெயராக்கி, ‘உல்லன் நூல்’, ‘ரெண்டு உருண்டை உல்லன்’ என்று வைத்துக்கொண்டார்கள். அதோடு நிற்கவில்லை. அத்தையின் டப்பாவிலிருந்த உல்லனில் முக்கால்வாசிக்கு ஆட்டோடு சம்பந்தமே கிடையாது. லூதியானாவிலிருந்து வரும் உருண்டையின் காகிதப் பட்டையைப் படித்தால் அக்ரிலிக் என்று போட்டிருக்கும். அக்ரிலிக் கச்சா எண்ணெயிலிருந்து பிறக்கிற இழை. அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் 1950-இல் ஆர்லான் என்ற பெயரில் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

ஆடே இல்லாத உல்லனா என்று சிரிக்கலாம். சிரிப்பதற்கு முன்னால் நம் சமையலறையை எட்டிப் பார்க்க வேண்டும். வெள்ளியே இல்லாத பாத்திரம் எவர்சில்வர். எள்ளின் நெய்தான் எண்ணெய். பிறகு எள்ளை விட்டுவிட்டுத் தேங்காய் எண்ணெய் வந்தது, கடைசியில் மண்ணெண்ணெயே வந்துவிட்டது. பொருள் போனாலும் பெயர் இடத்தைக் காலி செய்வதில்லை. இன்னும் சொன்னால், எள் இல்லாத மண்ணெண்ணெயும் ஆடு இல்லாத உல்லனும் பூமிக்குள் ஒரே கிணற்றுத் தண்ணீர்.

பெயர் ஒன்றாக இருப்பதை நம்பி ஒரு முறை நான் மாட்டிக்கொண்டேன். வட நாட்டில் வாங்கிய நிஜ ஆட்டு உரோம நூலில் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. இதுவும் உல்லன், அதுவும் உல்லன் என்று அத்தையிடம் கொடுத்தேன். அவரும் மூன்று சதுரத்தில் சேர்த்துப் பின்னிவிட்டார். சேர்த்துத் தைத்திருந்த பகுதியைச் சுடுதண்ணீரில் அலசினோம். உரோம இழையின் மேல் செதில்கள் இருக்கும். சூடும் கசக்கலும் பட்டால் அவை ஒன்றையொன்று கவ்விச் சுருண்டுகொள்ளும், திரும்ப விரியாது. அக்ரிலிக் அசையாமல் கிடந்தது. மூன்று சதுரம் மட்டும் அப்பளம் போலச் சுருங்கி, பக்கத்துச் சதுரங்களையும் இழுத்துக்கொண்டு நின்றது. “ஒரே பேருன்னு பொண்ணு குடுத்த கதையாயிடுச்சு” என்றபடி அத்தை மூன்றையும் பிரித்தெடுத்தார்.

பிரிப்பது குரோஷாவில் சுலபம். ஸ்வெட்டர் பின்னும்போது ஊசி நிறைய உயிருள்ள கண்ணிகள் வரிசையாக நிற்கும். ஒன்று நழுவினால் ஏணிபோல் அடிவரை அவிழும். குரோஷாவில் எந்த நேரத்திலும் ஊசியில் இருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணி. நுனியிலிருந்து இழுத்தால் வந்த வழியே முழுக்கப் பிரிந்து வெறும் நூலாகிவிடும். சொல்லின் வரலாறும் இப்படி ஒரு நுனியை இழுத்தால் பிரிந்து வந்துவிடும் என்றுதான் ஆரம்பத்தில் எல்லோரும் நினைக்கிறோம்.

குரோஷா என்ற சொல்லையே இழுத்துப் பார்ப்போம். பிரெஞ்சில் குரோஷே என்றால் சின்னக் கொக்கி. மூலம் ஸ்காண்டிநேவிய மொழியில் ‘குரோக்கர்’, கொக்கி என்றே பொருள். ஆங்கிலத்தில் வளைந்த கோலைக் ‘குரூக்’ என்பதும் அதன் வழிதான். நம் ஊரில் அது குரோஷே, குரோஷா, குரோசா, இந்தி வழியாக வந்தவர்களிடம் குரோஷியா. சட்டையில் குத்தும் ‘ஊக்கு’ ஆங்கில ஹூக்கின் தமிழ் உருவம். ஆக, சின்னக் கொக்கி என்ற ஒரே பொருளோடு இரண்டு வெளிநாட்டுச் சொற்கள் நம் பெண்கள் கையில் இருக்கின்றன. ஒன்று பின்னுகிறது, மற்றொன்று குத்துகிறது.

இந்த இடத்தில்தான் கரடி எட்டிப் பார்க்கும். குரோக், கொக்கி. ஒலி ஒன்று, பொருள் ஒன்று. தமிழ்க் கொக்கிதான் கப்பலேறி ஐரோப்பா போய்க் குரோஷே ஆனது என்று எழுதினால் வாட்ஸ்அப்பில் அரைமணி நேரத்தில் ஆயிரம் பேருக்குப் போய்ச் சேரும். எட்டுதான் எய்ட் ஆனது என்று ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கிறதே, அதற்குத் துணையாகவும் இருக்கும். எய்ட்டின் பழைய உறவினர்களைக் கூப்பிட்டு நிறுத்தினால் குட்டு வெளிப்படும். இலத்தீனில் ஆக்டோ, வடமொழியில் அஷ்ட. அந்த வரிசையில் நம் எட்டுக்கு இடமில்லை. கொக்கிக்கும் அதே கதைதான். ஓர் ஒலி ஒரு சொல்லில் மட்டும் ஒத்துப்போவது தற்செயல். பத்துச் சொற்களில், ஒரே ஒழுங்கில் ஒத்துப்போனால்தான் உறவு.

இந்த ஒழுங்கைத் தென்னிந்திய மொழிகளில் பெரிய அளவில் முதலில் விரித்து எழுதியவர் கால்டுவெல். 1838-இல் சென்னை வந்து, 1841-இல் திருநெல்வேலிச் சீமையின் தேரிக்காட்டில் இடையன்குடியில் குடியேறி, 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டவர். அவர் மனைவி எலிசாவைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரியாது. எலிசாவின் தாய் மார்த்தா மால்ட், நாகர்கோவிலில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தவர். 1844-இல் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு வந்த எலிசா, அம்மாவின் கைவேலையை அங்கேயும் ஊன்றினார். அது குரோஷா இல்லை. திண்டின் மேல் குண்டூசி குத்தி, பல நூல்கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டு முறுக்குகிற லேஸ். அதற்குப் பழைய தமிழ்ப் பெயர் ரேந்தை. போர்த்துக்கீசிய ‘ரெண்டா’விலிருந்து வந்தது. ஒரே வீட்டில் ஒருவர் சொற்களின் இழைகளைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்க, மற்றவர் நூலின் இழைகளைச் சேர்க்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

குரோஷாவுக்கும் தென்னாட்டில் தனிக் கதை உண்டு. கோதாவரிக் கரை நரசாபுரத்துக் குரோஷா லேஸுக்கு 2024-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சென்னையில் 2016 ஜனவரி 31 அன்று, ‘மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்’ என்ற பெண்கள் குழு, தனித்தனியாகப் பின்னியவற்றை இணைத்து 11,148.5 சதுர மீட்டர் போர்வையை விரித்துக் கின்னஸ் சாதனை படைத்தது. ஏறக்குறைய இரண்டே முக்கால் ஏக்கர். அத்தையிடம் சொன்னபோது, “அத்தனைக்கும் நுனி சொருகுனது யாரு?” என்றுதான் கேட்டார். மிச்ச நூல் வேலையில் பின்னுவது பாதி, நுனிகளை உள்ளே செருகி மறைப்பது மீதிப் பாதி. சதுரத்துக்கு நான்கு நிறம், நிறத்துக்கு இரண்டு நுனி. 108 சதுரத்துக்கு 864 நுனி. நாலு விரக்கடை நீளம் விட்டால்தான் செருக முடியும். கஞ்சத்தனமாக ஒட்ட வெட்டினால் ஒரு துவைப்பில் அவிழ்ந்துவிடும்.

சரி, பெயர். அமெரிக்காவில் இப்படிப்பட்ட போர்வையை ‘ஆஃப்கன்’ என்கிறார்கள். ஆப்கானிஸ்தானத்தில் யாரும் இதைப் பின்னி அனுப்பவில்லை. நிறம் நிறமான விரிப்புக்குப் பேர்போன நாட்டின் பெயர் போர்வைக்கு ஒட்டிக்கொண்டது. நமக்கு இது புதிதில்லை. சங்கத் தமிழில் கலிங்கம் என்றால் ஆடை. கலிங்க நாட்டின் பெயர். மயில் குளிரில் நடுங்குகிறதென்று பொதினி மலைத் தலைவன் பேகன் எடுத்துக் கொடுத்தானே, அதுவும் கலிங்கம்தான். அந்த வழியில் போனால் அத்தையின் போர்வைக்கு ஏதாவது ஊர்ப்பெயரை வைத்துவிடலாம். ஆனால் இந்தப் போர்வையின் விசேஷம் ஊரில் இல்லை, மிச்சத்தைச் சேர்த்ததில் இருக்கிறது. பெயரில் சேர்ப்பு தெரிய வேண்டாமா?

சேர்ப்பைத் தேடினால் தமிழ் முதலில் கத்தரிக்கோலைத்தான் நீட்டுகிறது. துணி என்றால் துணிக்கப்பட்டது, அதாவது வெட்டப்பட்டது. சந்தேகத்தை வெட்டிப்போட்டு முடிவெடுப்பதைத் துணிவு என்கிறோமே, அதே வேர். தோளில் போடும் துண்டு, பெயரிலேயே துண்டு. சங்க காலத்தில் துணிக்கு அறுவை என்றும் பெயர்; மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்ற புலவர் ஜவுளி வியாபாரி. இந்தக் காலத்தில் அந்தப் பட்டத்தை யாருக்காவது கொடுத்தால் மொக்கை போடுபவர் என்றுதான் நினைப்பார்கள். தறியில் நீளமாக நெய்து, வேண்டிய அளவுக்கு அறுத்தெடுக்கிற நாட்டில் துணி வெட்டிலிருந்து பெயர் வாங்கியதில் வியப்பில்லை. குரோஷாவோ தறி காணாதது, பின்னிய பிறகு வெட்ட முடியாதது. வெட்டினால் அந்த இடத்திலிருந்து அவிழத் தொடங்கும்.

வெட்டியதைச் சேர்த்தால் என்ன பெயர்? ஒட்டு, கந்தை, கந்தல். மூன்றிலும் கொஞ்சம் கூச்சம் கலந்திருக்கிறது. கந்தை வடமொழிக் ‘கந்தா’வின் வழி; துறவிகள் போர்த்தும் ஒட்டுத்துணிக்கு அங்கே அந்தப் பெயர். அதே சொல் வங்காளத்தில் காந்தாவாகி, பழைய சேலைகளை அடுக்கித் தைக்கும் பூவேலைக்குப் பெயராகி, பட்டுக்குச் சமமாக விலை போகிறது. இங்கே அது கசக்கிக் கட்டச் சொல்லும் பழமொழியோடு நின்றுவிட்டது. அத்தையிடம் கந்தை என்று சொன்னால் காபி நின்றுவிடும்.

விடை இருந்தது பொருநராற்றுப்படையில். முடத்தாமக் கண்ணியார் கரிகாலனைப் பாடிய பாட்டு. உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டை அச்சிட்ட 1889 வரை அது ஏடுகளில்தான் கிடந்தது. அவரைப் பழைய நூல்களின் பக்கம் திருப்பிவிட்டவர் கும்பகோணத்தில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியார். ஆக நம் மாவட்டத்துக்கும் இந்த விடையில் ஒரு நூல் பங்கு உண்டு. அந்தப் பாட்டில் சேர்ப்பு இரண்டு இடத்தில் வருகிறது. ஓர் இடத்தில், வறுமைப்பட்ட கலைஞனின் உடை. ஈரும் பேனும் குடியேறி, வேர்வையில் நனைந்து, வெவ்வேறு நூலால் ஒட்டுப்போட்ட கந்தல். அந்தத் தையலுக்குத் ‘துன்னல்’ என்று பெயர். அரசன் அதைக் களைந்துவிட்டுப் பாம்புச் சட்டை போன்ற மெல்லிய துணி தருகிறான். இன்னோர் இடத்தில், அவர்கள் கூட்டத்து யாழ். அதன் பத்தருக்கு, அதாவது ஒலிக்குடத்துக்கு, மேல் தோலை இரண்டாகச் சேர்த்துத் தைத்து மூடியிருக்கிறார்கள். அந்த மூடலுக்குப் பெயர் போர்வை. சேர்த்துத் தைத்ததற்குப் பெயர் ‘பொல்லம்’. ஒரே கூட்டத்திடம் இரண்டு சேர்ப்புகள். உடம்பில் இருந்ததைக் களையச் சொல்கிறது பாட்டு, யாழில் இருந்ததை அழகென்று நின்று பார்க்கிறது.

பொல்லம் என்றால் துண்டு சேர்த்த தையல். பக்கத்திலேயே போர்வை வேறு. இதைவிடப் பொருத்தமாக யார் எடுத்துத் தரப்போகிறார்கள்? “பொல்லப் போர்வை” என்றேன் அத்தையிடம், ஏதோ நானே கண்டுபிடித்த மாதிரி.

“பொல்லாத போர்வையா?” முகம் சுளித்தார். “பச்சக் குழந்தைக்குப் போத்தறது கண்ணு. நல்ல பேரா வெக்கக் கூடாதா?”

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. திருநாரையூரில் உளி பொள்ளாத, தானாய்த் தோன்றிய ‘பொள்ளா’ப் பிள்ளையாரையே ஊர் பொல்லாப் பிள்ளையார் ஆக்கிவிட்டது. வழக்கொழிந்த சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு வழக்குச்சொல் இருந்தால், வழக்குச்சொல் அதை இழுத்துத் தன் மடியில் போட்டுக்கொள்ளும்.

பொல்லம் செத்துவிட்டது என்று எடுத்து வைத்துவிட்டேன். அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு மருமகள் வந்தாள். பெங்களூர்ப் பக்கத்துப் பெண். தமிழ் நன்றாகப் பேசுவாள், கை வேலையில் இறங்கிவிட்டால் மட்டும் வாயில் கன்னடம் வந்துவிடும். மீதிச் சதுரங்களை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, ஊசியில் கறுப்பு நூலைக் கோத்தபடியே கேட்டாள்: “இதெல்லா ஹொலிபேகா அத்தெ?”

இதெல்லாம் தைக்க வேண்டுமா என்று பொருள். கன்னடத்தில் ஹொலி என்றால் தை. எனக்குக் காபி டம்ளரைக் கீழே வைக்க வேண்டியிருந்தது. நம் பால் கன்னடத்தில் ஹாலு. புலி ஹுலி, பெண் ஹெண்ணு, பூ ஹூ. பழைய கன்னடத்தின் பகரம் சொல்லின் முதலில் ஹகரமாகிவிடும். கால்டுவெல்லே குறித்துவைத்த மாற்றம்தான். அதைப் பார்க்கக் கர்நாடகம் வரை போகவும் வேண்டாம். தொப்பூர்க் கணவாயைத் தாண்டினால் தருமபுரி மாவட்டத்தில் நல்லம்பள்ளி வரும், அதே மாவட்டத்தில் மாரண்டஹள்ளியும் வரும். பள்ளிதான் ஹள்ளி. அந்தக் கணக்கில் ஹொலி பழைய ‘பொலி’. தமிழின் பொல்லமும் அந்தப் பொலியும் ஒரே வேரின் கிளைகள் என்று திராவிட வேர்ச்சொல் அகராதி இரண்டையும் ஒரே இடத்தில் நிறுத்தியிருக்கிறது. யாழுக்குப் போர்வை தைத்த சொல் எங்கும் போய்விடவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் தையற்காரர் ஒவ்வொருவர் வாயிலும் தினமும் புழங்கிக்கொண்டிருக்கிறது. முதலெழுத்து மாறிவிட்டதால் நமக்கு அடையாளம் தெரியவில்லை.

கொக்கியும் குரோக்கும் முகம் ஒத்திருந்தும் அந்நியர்கள். பொல்லமும் ஹொலியும் முகமே தெரியாத அக்கா தங்கைகள். நிஜ உரோமமும் அக்ரிலிக்கும் ஒரே பெயரில் வந்து சண்டை போட்டன. கிளிப்பச்சையும் கருநீலமும் எந்தச் சொந்தமும் இல்லாமல் ஒரே சதுரத்தில் அடங்கிக் கிடக்கின்றன. இத்தனையையும் நான் விளக்கி முடிப்பதற்குள் அந்தப் பெண் இரண்டு வரிசையைச் சேர்த்து முடித்திருந்தாள்.

அத்தை போர்வையைப் புரட்டிப் போட்டார். முன்பக்கம் நூற்றெட்டுச் சதுரத்துக்கும் கறுப்புக் கரை கட்டி ஒழுங்காக இருந்தது. பின்பக்கம் இன்னும் செருகாத நுனிகள், நூற்றுக்கணக்கில், எல்லாத் திசையிலும் நீட்டிக்கொண்டு நின்றன. கடைசியாகத் தைத்தது கறுப்பு நூலில் என்பதால் பெரும்பாலும் கறுப்பு.

“என்னமோ பொல்லங்கற, ஹொலிங்கற. இந்தப் பக்கம் பாரு கண்ணு, கரடியாட்டம் இருக்கு. கரடின்னே வெச்சுக்கலாம். ஊருக்கும் ஒத்துப்போகும்.”

அன்று ராத்திரி மழை பிடித்துக்கொண்டது. நுனி செருகாமலே அதை எனக்குப் போர்த்திவிட்டார்கள். கழுத்தில் குத்தியது. விலக்கி விலக்கிப் பார்த்தேன், நுனிகள் சட்டைப் பித்தானில் சுற்றிக்கொண்டு விடவில்லை.